உரலில் வைத்த பொட்டு

இன்று ஆயுத பூசை. தையல் மெஷினுக்குப் பொட்டு வைக்க, உமது கையால் அரைத்த குங்குமச் சிமிழை நம் மகள் திறந்தாள். மஞ்சளும் தேசிக்காய்ச் சாறும் கலந்த அந்த வாசம் வந்ததும் எனக்கு நமது ஆய்வுகூடம் நினைவுக்கு வந்தது.

அங்கே நாம் சேர்ந்து வேலை செய்த முதல் வருடப் பூசைக்கு, தராசு முதல் கல்லுரல் வரை நீர்தான் பொட்டு வைத்தீர். கடைக் குங்குமம், நல்ல சிவப்பு. "உள்ளுக்கும் வைச்சால்தான் சரி" என்று உரலின் உள்விளிம்பிலும் ஒன்று. அந்த மாதந்தான் உம்மை வேலையில் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு.

மருந்துச் செடிகளில் ஈயம் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நமது வேலை. அடுத்த கிழமை, பண்டத்தரிப்பில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரின் மூலிகைகள் வந்தன. தூதுவளை, வல்லாரை, ஆடாதோடை, எதை இடித்து எரித்துச் சாம்பலைக் கரைத்து அயடைட்டுக் கரைசல் விட்டாலும் பொன்மஞ்சளாகத் திரண்டது. ஈயமேதான். அவருடைய மருந்தை நிறுத்தச் சொல்லி ஆய்வுகூடப் பெரியவர் எழுதத் தொடங்கினார். பரியாரியார் வாசலில் வந்து நின்று, "பிள்ளையள், என்ரை தோட்டத்துக்கு நான் பூச்சிமருந்து ஒண்டும் அடிக்கிறேல்லை" என்றார்.

உமக்கு மனம் கேட்கவில்லை. வீட்டிலிருந்து பச்சரிசி கொண்டுவந்து அதே உரலில் இடித்துச் சோதித்தீர். அரிசியிலும் ஈயம். உரலுக்குள் குனிந்து பார்த்தீர், விளிம்பில் சிவப்பு. மிஞ்சிய குங்குமத்தையும் சோதித்தோம். குழாய் முழுக்க மஞ்சள்.

"உமக்கென்ன விசரே? இப்ப வாய் திறந்தால் வேலை போயிடும். உரலைக் கழுவிப்போட்டுத் திருப்பிச் செய்வம்" என்றேன்.

"அதுவரைக்கும் அந்த மனிசன் தன்ரை மண்ணையெல்லோ சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கப்போறார்" என்று எழுந்து பெரியவரிடம் போனீர். "சேர், ஈயம் என்ரை பொட்டிலையிருந்து வந்தது."

பரியாரியார் தப்பினார். உம்மை நிரந்தரமாக்குவது ஒரு வருடம் தள்ளிப்போனது. நீரோ வீட்டில் அரைத்த குங்குமத்தோடு வந்து, "முதல்லை இதைச் சோதியும், பிறகு வைக்கிறன்" என்றீர். அதற்குப் பிறகு என் கையால் சோதிக்காத குங்குமம் உமது நெற்றிக்கு ஏறியதில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகவே உம்மில் எனக்குக் கொள்ளை ஆசை.

போன மாசியில் உம்மைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். ஒருத்தி கடைக் குங்குமத்தோடு குனிந்தாள். "பொறும் பிள்ளை" என்று அவள் கையைப் பிடித்தேன். உள்ளே போய், நாம் கடைசியாகச் சோதித்த இந்தச் சிமிழை எடுத்துவந்து நானே வைத்துவிட்டேன்.

இனி ஈயம் உம்மை என்ன செய்யும்? எனக்கும் தெரியும். ஆனாலும் மனம் கேட்கவில்லை.