சிவப்புப் பென்சிலுக்கு எட்டு நாள்

ஜூன் 12

நூற்று இருபத்தொன்பதாவது நாள். நகராட்சியில் அனுமதிக்குக் கொடுத்த வீட்டு ப்ளான் நான்காவது தடவையாகத் திரும்பி வந்துவிட்டது.

இந்தத் தடவை காரணம், வடக்கைக் காட்டும் அம்பு சிறியதாக இருக்கிறதாம். சிவப்புப் பென்சிலில் ஒரு சுழி. சுழி என்ன அழகு, என்ன நிதானம்! முதல் தடவை கழிவுத்தொட்டி சுவரை ஒட்டி இருக்கிறது என்றார் ப்ளான் பார்க்கும் அதிகாரி. தள்ளிப் போட்டோம். இரண்டாம் தடவை மாடிப்படிக்குக் கீழே உயரம் போதாது. மூன்றாம் தடவை காகிதத்தை மடித்த விதம் தப்பு. மடித்த விதம்! பத்தொன்பது வருஷமாக இந்த நகராட்சி அலுவலகத்துக்கு எதிரிலேயே ப்ளான் பிரிண்ட் போடும் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேர் வீட்டுப் படத்தை மடித்துக் கொடுத்தது இந்தக் கை. எனக்கு மடிக்கத் தெரியாதாம்.

லஞ்சம் கேட்டாலாவது பரவாயில்லை, அதற்கு ஒரு விலை இருக்கும். இந்த ஆள் அதுவும் கேட்பதில்லை. "அடுத்த வாரம் பாருங்க" என்பார், அவ்வளவுதான். தலையைத் தூக்கி முகத்தைப் பார்க்க மாட்டார். நான் அவருக்கு டோக்கன் அறுபத்தேழு. எனக்கு அவர் சிவப்புப் பென்சில்.

ஜூன் 13

விளங்காமப் போக. வேறென்ன எழுத?

ஜூன் 20

தங்கச்சி போன் செய்தாள். அவளும் சிவப்புப் பென்சில் பார்க்கிற இதே அதிகாரி வேலைதான் பார்க்கிறாள், ஆனால் வேறு ஊரில். அவள் மேசைக்கு வரும் ப்ளான் ஒன்பது நாளில் வெளியே போகும். கட்டணம் எங்கள் ஊரில் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு. இங்கே ரசீதில் ஏழு தலைப்பு: பரிசீலனைக்கு ஒன்று, அபிவிருத்திக்கு ஒன்று, இன்னும் போடாத ரோட்டுக்கு ஒன்று, இன்னும் கொட்டாத மண்ணை அள்ள ஒன்று. அங்கே ஒரே தலைப்பு, ஒரே ரசீது.

"அதே செங்கல், அதே சிமென்ட்டுதானேடி? உங்க ஊர் மண்ணு என்ன தங்கமா?" என்றேன்.

சிரித்தாள். ப்ளானை அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"அக்கா, மாடிப்படி விஷயத்துல அந்த ஆள் சொன்னது சரி. நீ படியைத் திருத்தினியா, இல்ல எண்ணை மட்டும் மாத்தினியா?"

எண்ணை மட்டும்தான் மாற்றினோம். அவளுக்கு எப்படித் தெரிந்தது? என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், ஆள் பனைமரம். அந்தப் படியில் ஏறினால் தினமும் நெற்றி வீங்கும் என்றாள். சரி, படியை நிஜமாகவே மாற்றி வரையச் சொல்லியிருக்கிறேன். அதுக்காக அந்த ஆள் நல்லவன் ஆயிட மாட்டான்.

ஜூலை 8

ஐந்தாவது தடவையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். வடக்கு அம்பு இப்போது என் முழங்கை நீளம். பார்க்கட்டும்.

"சார், பேங்க்ல குடுத்த கடன் லெட்டர் செப்டம்பர் முப்பது வரைக்கும்தான் செல்லும். அதுக்குள்ள அனுமதி வரலேன்னா கடன் கிடையாது. வீடும் கிடையாது."

"அடுத்த வாரம் பாருங்க."

கடைக்குப் பின்னால் ஒரே அறையில் நான்கு பேர் இருக்கிறோம். பெரியவள் பிரிண்ட் மெஷினுக்கு அடியில் கால் நீட்டிப் படிக்கிறாள். சின்னவள் தண்ணீர் டிரம் மேல் உட்கார்ந்து எழுதுகிறாள். "அம்மா, நம்ம ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று வாரம் ஒரு தடவை கேட்பாள். ப்ளானைப் பிரித்துக் காட்டுவேன். விரலை வைத்து வைத்து ஜன்னல் இருக்குமிடத்தில் மை மங்கிவிட்டது.

வரிசையில் எனக்கு முன்னால் கதவுக்காரர். கதவு செய்கிறவர், பட்டறைக்கு மேலே இரண்டு அறை கட்டுவதற்குப் போன டிசம்பரிலேயே கொடுத்தவர். மரத்தூளில் அவர் மனைவிக்கு இழுப்பு வந்துவிட்டதாம். பட்டறையிலேயே சமைத்து, பட்டறையிலேயே படுத்தால் வராதா? மனுஷர் கோபப்படவே மாட்டார். "நமக்கும் ஒரு நாள் வரும்மா" என்கிறார். எனக்கு அந்தப் பொறுமையைப் பார்த்தாலே பத்திக்கொண்டு வருகிறது.

ஜூலை 22

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

பியூன் அண்ணன் மத்தியானம் ஒரு ப்ளான் கொண்டுவந்தார். "சாரோடது. ஏழு காப்பி. நல்லா வரணும்." மெஷினில் விரித்துப் பார்க்கிறேன், கீழ்ப் பெட்டியில் சிவப்புப் பென்சிலின் பெயர். சொந்த வீடு. ஊர்? என் தங்கச்சி வேலை பார்க்கிற ஊர்!

"இங்க கட்டலையா அண்ணே?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

"இங்க யாரு கட்டுவா? சீக்கிரம் கிடைக்காதே" என்றார் பியூன் அண்ணன், சிரிக்காமல்.

ஏழு காப்பி போட்டுக் கொடுத்தேன். நன்றாகவே போட்டேன். ராசா, வாடா. நீயே வந்து விழுந்தியா.

ஜூலை 23

தங்கச்சியிடம் சொன்னேன். "அந்த ஃபைல் உன் மேசைக்குத்தான் வரும். ஊறப் போடு. நாலு தடவை திருப்பி அனுப்பு. மடிச்சது சரியில்லன்னு அனுப்பு."

"முடியாதுக்கா."

"ஏன் முடியாது?"

"என் மேசையில ஒன்பது நாள். யாரா இருந்தாலும் ஒன்பது நாள்."

"அவன் என் வயித்துல அடிக்கிறாண்டி!"

"தெரியும். அதுக்கு நான் அவன் வயித்துல அடிச்சா, அப்புறம் என் மேசைக்கும் அவன் மேசைக்கும் என்ன வித்தியாசம்?"

அப்போதுதான் சொல்லக்கூடாததைச் சொன்னேன். நான் படிப்பை விட்டு இந்தக் கடையில் உட்கார்ந்ததால்தான் நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய் என்றேன். "வெச்சுடறேன்க்கா" என்று வைத்துவிட்டாள்.

சொன்னது தப்பு. ஆனால் பொய் இல்லையே?

ஆகஸ்ட் 6

பியூன் அண்ணன் வாயெல்லாம் பல்லாக வந்து சொல்லிவிட்டுப் போகிறார்: "சார் ப்ளான் பாஸ் ஆயிடுச்சு. எட்டே நாள்!"

எட்டு. ஒன்பது கூட இல்லை. என் கூடப்பிறந்தவள் அவனுக்கு ஒரு நாள் குறைத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 7

இனிமேல் அவள் யாரோ, நான் யாரோ.

ஆகஸ்ட் 24

தங்கச்சியிடமிருந்து ஒரே ஒரு செய்தி. "எங்க ஆபீஸ்ல பாஸ் ஆன ப்ளான் விவரமெல்லாம் வாசல் பலகையில ஒட்டிடுவோம். பேர், கொடுத்த தேதி, கிடைச்ச தேதி, கட்டணம், திருத்தம். யார் வேணும்னாலும் படம் எடுத்துக்கலாம். ஒரு மாசம் இருக்கும்."

நாலு தடவை படித்தேன். அடி திருட்டுக் கழுதை!

ஆகஸ்ட் 26

நாலு மணி நேரம் பஸ். அங்கே வரிசையே இல்லை. மின்விசிறிக்குக் கீழே ஆறு நாற்காலி, அதில் இரண்டு காலி. ஓர் அம்மாள் உட்கார்ந்து பையிலிருந்த காகிதத்தைச் சரிபார்ப்பதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இப்படியும் நடக்கும் என்றால் எங்களை ஏன் அங்கே நாய் மாதிரி நிற்க வைக்கிறார்கள்?

பலகையில் அவர் பெயர். எட்டு நாள். ஒரு கட்டணம். திருத்தம் ஒன்று: வடக்கு அம்பு.

தங்கச்சி வெளியே வந்து பக்கத்தில் நின்றாள். "அம்பே போடலக்கா. பார்த்த அன்னிக்கே போன் பண்ணிச் சொன்னேன், மறுநாள் கொண்டுவந்து குடுத்தாரு. அந்த வாரம் என் மேசையில வேலை கம்மி, எட்டாவது நாளே போயிடுச்சு. வேணும்னு பண்ணல."

அம்பைச் சின்னதாகப் போட்டதற்கு என்னைத் திருப்பி அனுப்பியவர், தன் படத்தில் போடவே இல்லை! அங்கேயே, அந்த வாசலிலேயே, வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். டீ வாங்கித் தந்தாள். ஜூலையில் சொன்னதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. பஸ் ஏறும்போது மட்டும், "என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள். "பிரிண்ட் போடப் போறேன்" என்றேன்.

செப்டம்பர் 1

இரண்டு தாள், ஒவ்வொன்றும் கதவு அகலம். இடப்பக்கம் அவர், வலப்பக்கம் நான். எழுதியதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

கதவுக்காரர் ஏதோ காப்பி எடுக்க வந்தவர் மேசையில் பார்த்துவிட்டார். நெடுநேரம் படித்தார். "நியாயம்தாம்மா" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "என் ஃபைல் கடைசிக் கையெழுத்துக்குப் போயிருக்கு. இந்த வாரத்துல போட்டுடுவேன்னு சொன்னாரு. ஒரு வாரம் பொறுத்து ஒட்டுங்களேன்."

"பாக்கறேண்ணே" என்றேன்.

முப்பதாம் தேதிக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. பொறுக்கலாம்தான்.

செப்டம்பர் 2

பொறுக்க முடியவில்லை. காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது சிவப்புப் பென்சில் எதிரே வண்டியை நிறுத்திவிட்டு, வரிசையில் நின்ற ஒரு கர்ப்பிணியிடம் முகத்தைப் பார்க்காமல் "அடுத்த வாரம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அவ்வளவுதான், கண்ணாடியில் ஒட்டிவிட்டேன்.

அவர்: 8 நாள். கட்டணத் தலைப்பு 1. திருத்தம் 1 (வடக்கு அம்பே போடவில்லை), போனில்.
நான்: 211 நாள். கட்டணத் தலைப்பு 7. திருத்தம் 4, ஒவ்வொன்றுக்கும் வரிசை.
இரண்டு பேரும் இணைத்த காகிதம்: 11.

பத்து மணிக்கு வரிசை ரோட்டைத் தாண்டி என் கடைப் பக்கம் வந்துவிட்டது. படித்துவிட்டுப் போய்த் திரும்ப வந்து படிக்கிறார்கள். படம் எடுக்கிறார்கள். "அம்பே போடலியாம்!" என்று ஒருத்தர் கத்தினார், ரோடே சிரித்தது. பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை. மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 3

அவரே வந்தார், என் கடைக்கு. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இது உங்க கடையா?"

"ஆமா சார். டோக்கன் அறுபத்தேழு."

"இதை எடுத்துடுங்க."

"தப்பு ஏதாவது இருந்தா சுழிச்சுக் குடுங்க சார். திருத்தி ஒட்டறேன்." கடையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார்! நிஜமாகவே மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பின்னால் நாற்பது பேர் மூச்சு விடாமல் நிற்கிறார்கள். ஒரு சுழியும் போடவில்லை. பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எட்டு நாள்ல குடுத்தப்போ எனக்கே பயமா இருந்துச்சு. எதையாவது பார்க்காம விட்டுட்டாங்களோன்னு" என்றார்.

பாவமாக இருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. "அடுத்த வாரம் பாருங்க சார், எடுக்கறேனான்னு" என்றேன். ரோடே கைதட்டியது.

செப்டம்பர் 4

கிடைத்துவிட்டது. இருநூற்றுப் பதிமூன்றாவது நாள். பியூன் அண்ணன் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். சின்னவள் முத்திரையை முகர்ந்து பார்த்தாள்.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். சந்தோஷப்பட்டாள். அப்புறம், "உன்னது மட்டுமா, மத்தவங்களுதுமா?" என்றாள். என்ன கேள்வி இது? "மத்தவங்களுக்கும் வரும்" என்றேன்.

செப்டம்பர் 8

படம் போனுக்குப் போன் போய் மேலே யாருக்கோ எட்டிவிட்டதாம். சிவப்புப் பென்சிலுக்கு மாற்றல், எங்கேயோ கண்காணாத இடத்துக்கு. புது வீட்டுக்கு இன்னும் கடைக்கால்கூடத் தோண்டவில்லையாம். அங்கிருந்து எப்படிக் கட்டுவார்?

அது அவர் பாடு. ஒழிந்தது சனி.

செப்டம்பர் 15

புது அதிகாரி வந்துவிட்டார். வந்த அன்றே அறிவிப்பு: முந்தையவர் பரிசீலித்த எதையும் நம்பிக் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்தாகாத ஃபைல்கள் எல்லாம் ரத்து. புதிதாக, முதலிலிருந்து.

முந்நூற்றுச் சொச்சம் ஃபைல் என்கிறார் பியூன் அண்ணன். "கதவுக்காரரோடது?" என்று கேட்டேன். "உங்களுதுக்கு அடியிலதான் இருந்துச்சு. அன்னிக்கு உங்களுதை மட்டும் உருவிப் போட்டுக் குடுத்தாரு."

செப்டம்பர் 16

கண்ணாடியிலிருந்து இரண்டு தாளையும் எடுத்துவிட்டேன். பசை போகவில்லை.

செப்டம்பர் 29

கடன் வந்துவிட்டது. வீட்டுக்காரர் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மாடிப்படி வரும் இடத்தில் நிமிர்ந்து நின்று காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்டோபர் 6

கதவுக்காரர் வந்தார். இத்தனை நாள் எதிர்ப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தவர். ப்ளானை விரித்தார். அதே பட்டறை, மேலே அதே இரண்டு அறை. தேதி மட்டும் புதிது.

"முழு செட்டும் போடணும்மா."

போட்டேன். மடித்தேன். தலைப்புப் பெட்டி மேலே தெரிகிற மாதிரி, ஒவ்வொன்றாக. ஏதாவது சொல்லுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அண்ணே, நான் அந்த ஒரு வாரம்..." என்று ஆரம்பித்தேன். "விடும்மா" என்றார். வெளியே வண்டியில் அவர் மனைவி வாயைத் துணியால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இரைப்பு கடைக்குள் கேட்டது.

காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு கதவுக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இப்ப எத்தனை நாள் ஆகும்மா?"

கதவு அகலத் தாளில் நாள் கணக்கை ஊருக்கே எழுதி ஒட்டியவள் நான். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு எண் இல்லை.