எருது நுழையாத வாசல்

சிந்தாளே கிராமம்,
போளா பண்டிகை கழிந்து ஆறாம் நாள்

சிரஞ்சீவி ஞானோபாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, நம் எருதுகள் சர்ஜா, மாண்கியா நாலு பேரும் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறோம். நீ வேலை பார்க்கிற அசாமின் மழையில் உனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை என்று நீ எழுதினால்தான் எனக்கு பாக்ரி ரொட்டி தொண்டையில் இறங்கும்.

நம் ஊரைத் தத்தெடுத்த மும்பை சேட்டைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். பூகம்பம் வந்ததிலிருந்து இரண்டு வருடமாகத் தகரக் கொட்டகையில் வேகிறவர்களுக்கு வீடு கட்டித்தர வந்த தர்மப்பிரபு. தத்தெடுத்தாராம், நரைத்த தலையோடு நாங்கள் என்ன தொட்டிலிலா கிடந்தோம். அவர் எங்கே வந்தார், அவருடைய டிரஸ்ட் மேனேஜர்தான் வந்தார், ஜீப்பை விட்டு இறங்காமலே நிலத்தைப் பார்த்தார், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி வரிசையாக நூற்றிருபது வீட்டை எழுப்பிவிட்டார். கான்கிரீட் நல்ல கான்கிரீட், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்சுவர் ஓரத்தில் நான் இன்னும் படுப்பதில்லை, அந்தக் கூரையின் கீழ் ஒருநாளாவது பயமில்லாமல் தூங்க எனக்கும் ஆசைதான். ஆனால் வாசல் இரண்டரை அடி. மாடு கட்ட இடம் கிடையாது, மாடெல்லாம் ஊர்க்கோடியில் பொதுக் கொட்டகையிலாம். அப்பா போய்க் கேட்டதற்கு, "நாங்க மனுஷங்களுக்குத்தான் வீடு கட்றோம் பெரியவரே" என்று மேனேஜர் சிரித்தாராம். பூகம்பத்தன்று விடியலில் சர்ஜா முற்றத்தில் கத்தியதால்தானே அப்பா எழுந்து வெளியே போனார், அவர் பின்னாலேயே நானும் போனேன். உன் தங்கை சுமன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள், அவளை எழுப்பவில்லை. இதையெல்லாம் அந்தச் சிரிக்கிற வாய்க்கு எப்படிச் சொல்வது.

சாவி கொடுக்க அவர்கள் பிடித்த நாளைக் கேள், எருதுகளுக்கென்றே இருக்கிற போளா அன்று. சேட்டுக்கு அன்றுதான் ஒழிந்ததாம். காலையிலேயே பந்தல், நாற்காலி, மைக் எல்லாம் தயார், உட்கார ஆள் இல்லை. ஊர் ஆண்கள் மொத்தமும் ஓடையில் எருதுகளைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேனேஜர் பளபளக்கிற பூட்ஸோடு சேற்றில் இறங்கி, "சேட் காத்துக்கிட்டிருக்காரு, மாட்டை அப்புறம் கழுவுங்கய்யா" என்று கத்த, "மாடு வருஷத்துல ஒருநாள்தான் சேட்டு, உங்க சேட்டு தினமும் சேட்டுதானே, உக்காரட்டும்" என்றார் அப்பா. ஓடை முழுக்கச் சிரித்தது. முதல் சாவியை நான் வாங்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருக்கிறார்கள், மகளைப் பறிகொடுத்தவள் என்பதால். போட்டோ எடுக்கும்போது மேனேஜர் என் காதருகே வந்து, "முகத்தைக் கொஞ்சம் சோகமா வைங்கம்மா" என்றார். "எம் பொண்ணு செத்தது உங்க போட்டோவுக்கா?" என்று கேட்டேன். அப்புறம் அவர் என் பக்கமே வரவில்லை.

அதற்குள் அப்பா எருதுகளை ஓட்டிக்கொண்டு புது வீட்டுக்கு வந்துவிட்டார். அவை வாசலுக்குள் கால் வைத்து, நான் குளம்பைக் கழுவி, பூரண்போளி ஊட்டாமல் நம் வீட்டில் யார் எந்தப் போளாவுக்குச் சாப்பிட்டிருக்கிறோம்? சர்ஜா இரண்டு தரம் முட்டினான், கொம்பு இரண்டு பக்கமும் நிலையில் இடித்தது, கொம்பிலிருந்த சிவப்பு வர்ணம் எல்லாம் புதுச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் வாசற்படியிலேயே சாணம் போட்டுவிட்டான். சேட்டின் சம்சாரம் நாற்காலி மேல் ஏறி நின்றாள். பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, சேட் உடனே, "வாசலைப் பெருசு பண்ணிக்குங்க, இதெல்லாம் ஒரு விஷயமா" என்று கையை விரித்தார். மறுநாள் பேப்பரில் அதுவும் வந்தது. கார் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் மேனேஜர், "அவரு ஆயிரம் சொல்லுவாரு, பிளான்ல இல்ல" என்றார்.

உன் அப்பா பிளானைக் கேட்டா வாழ்கிறார். மறுநாளே கடப்பாரையை எடுத்து வாசலை இடித்து, பழைய வீட்டிலிருந்து மிஞ்சிய தேக்கு நிலையை வைத்துவிட்டார். இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. பதினைந்து நாளில் வாசலைப் பழையபடி அடைத்து மாடுகளையும் அப்புறப்படுத்தாவிட்டால் வீடு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும், தகரக் கொட்டகையையும் பிரித்துவிடுவார்களாம். மாடு போகிற இடத்துக்கு நானும் போகிறேன் என்கிறார் அப்பா. நாங்கள் எங்கே போவோம் என்று எனக்குத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது.

இன்னொன்று. வாசல் மேல் பதித்திருந்த சலவைக்கல் இடிக்கும்போது உடையாமல் விழுந்தது. சேட்டின் அம்மா காந்தாபென் நினைவாக என்று எழுதியிருக்கிறது, நூற்றிருபது வீட்டிலும் அதே கல். எருது குளம்பு கழுவ நல்ல கல் என்று எடுத்து வைத்தேன். சேட்டின் டிரைவர் அன்று நம் கொட்டகையில் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. அந்த அம்மா தன் சொந்த ஊரில் தனியாகக் கிடந்துதான் செத்தாளாம், மகன் மாதம் தவறாமல் பணம் அனுப்பினானாம், ஒரு தீபாவளிக்கும் போனதில்லையாம். த்தூ என்று துப்பத் தோன்றியது. அந்தக் கல்லில் எருதின் குளம்பை வைக்க மனம் வரவில்லை, கழுவித் துடைத்து அடுப்பருகே சாய்த்து வைத்திருக்கிறேன்.

சுமனுக்குக் கொள்ளி வைத்துவிட்டுப் போனவன் நீ. போன கடிதத்திலும், லீவு கேட்க நேரமில்லை, வீட்டுச் செலவுக்குப் பணம் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பணம் வேண்டாம் ஞானோபா. நோட்டீஸ் கெடு முடிவதற்குள் வந்து, வாசலை அடைக்க வருகிறவர்கள் முன்னால் அப்பாவோடு நில். கம்பளி பனியனை மறக்காமல் போட்டுக்கொள், ஈரத் துணியோடு தூங்காதே, பண்டரிநாதன் உன்னைக் காப்பான். என் பெயரைக் கல்லில் வெட்ட நீயும் ஒருநாள் நிறையப் பணம் அனுப்புவாய், அதற்கு முன்னால் ஒருமுறை வா.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா கோண்டாபாயி