சூளைக்கு மேற்கே

1974, தை மாதம், வியாழன் இரவு.

காலையில் எங்கள் செங்கல் சூளைக்குத் தீ வைத்தோம். சுற்றியுள்ள தோட்டங்களின் சொந்தக்காரர்களிடமெல்லாம் நான்தான் முன்பே போய்ச் சம்மதம் கேட்டேன். படித்தவள், பக்குவமாகப் பேசுவாள் என்று இவர் அனுப்பினார். மேற்கே குடிசையில் இருக்கும் வள்ளியிடம் மட்டும் கேட்கத் தோன்றவில்லை. நிலம் அவளுடையது இல்லையே.

இன்று முழுக்கக் கிழக்குக் காற்று. சாயங்காலம் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, தோட்டத்துக்காரருகிட்டக் கேட்டீங்களாமா. அவரு ஊடு சித்தூர்லீங்க. பொகையில கெடக்கறது நாங்கல்லீங்களா?"

இவரிடம் போய்ச் சொன்னேன். "பாதியில அணைச்சா அத்தன கல்லும் வீணாப் போயிரும் புள்ள" என்றார்.

திரும்பி வந்து, "இங்கயே வந்து படுத்துக்க வள்ளி" என்றேன். அவள் சிரித்தாள்.

"உங்க ஊட்டுக்குள்ள எங்கள எப்பங்க உட்டிருக்கறீங்க?"

போய்விட்டாள்.

என் மகன் பக்கத்தில் தூங்குகிறான். அவன் நெஞ்சில் கை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்த இருமல் இவ்வளவு தூரம் கேட்காது. ஆனாலும் கேட்கிறது.

பின்கட்டு அறை சும்மாதான் கிடக்கிறது. சாவி மாமியாரிடம். எழுப்பிக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். எழுப்பத்தான் போகிறேன்.