ராஜா மடியில் பூனை

அன்பு அக்கா ஷோபனாவுக்கு, செஞ்சியிலிருந்து தங்கை பூங்குழலி எழுதுவது. இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாமாவும் உன் வயிற்றில் இருக்கும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறாள். உண்மையில் இது அம்மா எழுத வேண்டிய கடிதம். போன மாதம் நீ அவளைக் கூப்பிட்டது தெரிந்ததும் நைனா அவள் போனை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார், பேனா பிடித்தால் ஏன் என்று கேட்க வீட்டில் ஆள் இருக்கிறது. அதனால் அடுப்படியில் அவள் என்னிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு என் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள், சாமி படத்துக்கு மேலே எரியும் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

காலையில் வெறும் வயிற்றோடு இருக்காதே, வாந்தி வந்தாலும் இரண்டு வாய் கஞ்சி குடி என்கிறாள். மல்லாந்து படுக்காதே, சீரகத் தண்ணீர் குடி, குடத்தை நீ தூக்காதே, அந்தப் புள்ளைய தூக்கச் சொல்லு, தூக்குனா இன்னா தேய்ஞ்சா பூடுவான் என்றாள். மாமாவை அவள் அந்தப் புள்ள என்றுதான் சொல்கிறாள், ஆனால் முகம் சுளிக்காமல் சொல்கிறாள். நம் பசு சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மழை நன்றாகப் பெய்து ஏரியில் தண்ணீர் நிற்கிறது. எனக்கு அறிவியலில் நல்ல மார்க், கணக்கில் சொல்லும்படி இல்லை. உன் சைக்கிளை நைனா விற்கவில்லை அக்கா, உரக்கடை குடோனில் மூட்டைகளுக்குப் பின்னால் துடைத்து வைத்திருக்கிறார், யாரும் பார்க்காத நேரத்தில் டயருக்குக் காற்று அடிக்கிறார்.

இனி என் விஷயம். ஞாயிற்றுக்கிழமை நைனாவும் சித்தப்பாவும் உன்னைக் கூப்பிடுவார்கள். என்னைத்தான் பேச வைப்பார்கள், ஸ்பீக்கர் போட்டிருக்கும். நைனா மனசு மாறிவிட்டார், வருகிற அமாவாசைக்கு மேல்மலையனூர் வா, வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர்கள் ஏதாவது பேசுவார்கள், அங்காளம்மன் சந்நிதியில் வைத்தே அம்மா உனக்கு வளையல் போட்டு அனுப்பிவிடுவாள், மாமாவையும் கூட்டிக்கொண்டு வா என்று நான் சொல்வேன். அழுவேன். அந்த அழுகை பொய்யாக இருக்காது. ஆனால் நீ வராதே அக்கா. நான் எவ்வளவு கெஞ்சினாலும் வராதே.

செவ்வாய்க்கிழமை குடோனுக்கு டீ கொண்டுபோனேன். நைனாவும் கோதண்டராமன் சித்தப்பாவும் எனக்குத் தெரியாத ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மூட்டைக்கு இந்தப் பக்கம் நின்றது அவர்களுக்குத் தெரியவில்லை. அமாவாசைக் கூட்டத்துல எவன் எங்க போனான்னு யாருக்குத் தெரியும், எல்லாரும் அம்மன் ஊஞ்சல் பாத்துக்கினு இருக்கறப்ப அவன மட்டும் தனியா இட்டுக்கினு வந்துடலாம், ஸ்பெஷல் பஸ்ஸு அத்தினி போவுது, எதுல ஏறனான்னு போலீஸ் கேட்டா நமக்கு இன்னா தெரியும் என்று சித்தப்பா சொன்னார். எம் பொண்ணு மேல ஒரு கை படக் கூடாது, சொல்லிட்டேன் என்றார் நைனா. அவ நம்ம வூட்டுப் பொண்ணு, யாரு இன்னா செய்யப் போறாங்க என்றார் சித்தப்பா. அந்த மூன்றாவது ஆள், வயித்துல இருக்கறது என்று கேட்டார். நைனா கணக்கு நோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். நான் திரும்பி வாசலுக்குப் போய், அப்போதுதான் வருகிற மாதிரி கொலுசு சத்தத்தோடு வந்து டீயைக் கொடுத்தேன். இன்னா பாப்பா, படிக்கிறியா, இல்ல நீயும் உங்க அக்கா மாரி பஸ் ஏறப் போறியா என்று சித்தப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்க முடிந்தது என்பதுதான் அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவள் நம்பிவிட்டாள். உன்னைப் பார்க்கப் போகிறோம் என்று நைனா சொன்ன அன்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், ஆனால் அம்மாவுக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது, அரை நாளில் நைனாவுக்குத் தெரிந்துவிடும், பிறகு உன்னை வேறு வழியில் தேடுவார்கள். அதனால் அவளையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

நீ ஆறாவதில் பரிசாக வாங்கி வந்த பூனைக் கதைப் புத்தகம் நினைவிருக்கிறதா. மலைக்கோட்டையை விட்டு ஓடிப்போன பெண்ணைப் பிடித்துத் தருவதாகச் சொல்லி ராஜாவிடம் தினமும் பால் வாங்கிக் குடிக்குமே, அந்தப் பூனை. சேவகர்கள் காதில் விழும்படி, ராஜா மன்னித்துவிட்டார் வா வா என்று சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் அந்தப் பெண்ணின் கையை ரத்தம் வரக் கீறிவிடும். அவள் புரிந்துகொண்டு ஓடிவிடுவாள். பூனை திரும்பிப் போய், வந்துகொண்டிருக்கிறாள் ராஜா என்று சொல்லி அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். விளக்கை அணைக்காமல் விடிய விடிய ராஜா காத்திருப்பார். நம் ஊர் ராஜகிரிக் கோட்டை உச்சிக்குப் போகும் அந்தச் சின்னப் பாலத்தில்தான் இது நடந்தது என்று நீ சொல்லுவாய், நான் நம்புவேன். பூனை நல்லதா கெட்டதா என்று நமக்குள் எவ்வளவு சண்டை. பால் ஊத்துன ஆளையும் ஏமாத்திச்சி, அந்தப் பொண்ணையும் கீறிச்சி, அது இன்னா நல்ல பூன என்று நான் கேட்பேன். அது அவளைக் காப்பாத்திச்சி இல்ல, அது போதும் என்பாய் நீ. காப்பாற்றியதென்றால் அவளோடு போயிருக்க வேண்டியதுதானே, ஏன் திரும்பி வந்து அந்த மடியிலேயே படுத்தது என்று கேட்டால், ராஜாவுக்குச் சந்தேகம் வராமல் இருக்க என்று சொல்லி விளக்கை அணைத்துவிடுவாய்.

நேற்று நைனா எனக்குப் புது ஜாமென்ட்ரி பாக்ஸும் பரோட்டாவும் வாங்கி வந்தார். பரோட்டாவை அவரே பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றிக் கொடுத்தார். நான் சாப்பிட்டேன் அக்கா. நன்றாக இருந்தது. அந்தப் பூனை ஏன் திரும்பி வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். சந்தேகம் வராமல் இருக்க மட்டும் இல்லை. அதற்கு ராஜாவையும் பிடித்திருந்தது.

இந்தத் தாளை நாளைக்குக் கலைச்செல்வியிடம் கொடுப்பேன். மாமாவின் தங்கையோடு நான் பேசுவதே இல்லை என்றுதான் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் வீட்டுக்குப் போய் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டுத் தாளை அடுப்பில் போட்டுவிடுவாள். அவளையே போனில் சொல்லச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவைப் பார்க்கப் போகாதே என்று உன் நாத்தனார் சொன்னால் நீ கேட்பாயா. என் எழுத்தைப் பார்த்தால் நம்புவாய். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று மட்டும் கலைச்செல்வியிடம் சொல்லாதே, அவள் என்னிடம் சொல்லிவிடுவாள், என்னிடம் யாராவது கேட்டு அடித்தால் நான் சொல்லிவிடுவேன்.

அம்மா பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருக்கிறாள். உன் கை அளவு என்று என் கையில் போட்டுப் பார்த்தாள், எனக்குப் பெரிதாக இருந்தது, அப்ப அவளுக்குச் சரியா இருக்கும் என்று சந்தோஷப்பட்டாள். அமாவாசை இரவு அந்தக் கூட்டத்தில் அவள் மடியில் வளையலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் நான் இருப்பேன். பஸ்ஸு கூட்டமா இருக்கும்மா, வந்துடுவா, வந்துடுவா என்று விடியும்வரை நான்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கும் மாமாவுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் எப்போதும் உண்டு. உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போனை எடு, வரேன்னு சொல்லு, குரல் நடுங்காமல் சொல்லு, அன்றைக்கே அந்த நம்பரை மாற்றிவிடு. அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடாதே.

உன் தங்கை,
பூங்குழலி