மாமரத்தின் கிழக்குக் கிளை

மார்ச் 3, 2024, ஞாயிறு

இலை நுனிகள் மறுபடி கருகியிருக்கின்றன. இத்தனைக்கும் ஒருநாள்கூடத் தண்ணீர் தவறவில்லை. போர்வெல் தண்ணீரைச் சுத்தம் செய்துவிட்டு ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைக் குழாய் போட்டு நேராக மரத்தடிக்கு விட்டிருக்கிறேன். ஒரு சொட்டு வீணில்லை. இந்தத் தெருவில் வேறு யாருக்காவது தோன்றியதா?

காரிமங்கலத்து வெயிலுக்கு இந்த வாசலில் வேறு நிழல் கிடையாது. அப்பா இறந்த வருஷம் வைத்த மரம். எட்டு வயது.

மார்ச் 9

மேற்கே எல்லாம் மொட்டை. வேலி தாண்டித் தம்பி வீட்டுப் பக்கம் நீளும் கிழக்குக் கிளை மட்டும் பச்சை. மரத்துக்கும் அவனைத்தான் பிடிக்கிறது.

மார்ச் 14

காலையில் என் கண்ணாலேயே பார்த்தேன். கல்கால் வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி பூபதி குனிந்து, என் மரத்தின் வேரில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தான். பேட்டரிக் கடைக்காரன் அவன்; கையில் வெள்ளைக் கேன். ஆசிட் அல்லாமல் வேறென்ன? சருகு கொட்டுகிறது என்று அவன் மனைவி கனிமொழி போன வருஷமே முணுமுணுத்தாள்.

எட்டு வருஷமாகப் பேச்சில்லை. அப்பா இறந்தபோது சென்னையில் தேர்வுப் பணியில் இருந்தேன். நான் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். மூத்தவன் நானிருக்க, கொள்ளி வைத்தவன் அவன். மே மாதம், உடம்பு தாங்காது என்றார்கள். இரண்டு மணி நேரம் தாங்காதா?

மார்ச் 15

தெருமுனை டீக்கடையில் நாலு பேர் முன்னாலேயே பூபதியைக் கேட்டேன். "அப்பாவுக்குத்தான் கொள்ளி வெச்ச. ஆசிட் ஊத்தி மரத்துக்கும் வெக்கிறியா?"

டம்ளரை மெதுவாக வைத்தான். "நீங்க அப்படி நெனச்சா நெனச்சிக்குங்கண்ணா." வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 24

வேலியைப் பிடுங்கிவிட்டு ஆறடிச் சுவர். அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது சில வேர்கள் அறுந்தன. என் மனைவி தேன்மொழி ஏதோ சொல்ல வந்தாள், நிறுத்திக்கொண்டாள். நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 20

கிழக்குக் கிளையும் வாடுகிறது. மெஷினைக் கூடுதல் நேரம் ஓடவிடுகிறேன்.

ஏப்ரல் 28

சுவருக்கு அந்தப் பக்கம் சாமான் ஏற்றுகிறார்கள். ஓசூரில் கடை வைக்கப் போகிறானாம். போகட்டும்.

மே 5, ஞாயிறு

மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் சவுரியப்பனை அழைத்து வந்தேன். மரத்தடியில் வெள்ளையாகப் பூத்திருந்த மண்ணை விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்புங்க சார். மெஷின் கழிக்கிற உப்பெல்லாம் இங்கதானே வருது."

இருபத்திரண்டு வருஷமாக வேதியியல் நடத்துகிறேன். கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவேன்: நல்ல நீர் இந்தப் பக்கம், உப்பு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில் என் மரம் நின்றிருக்கிறது.

அப்படியென்றால் ஆசிட்? அதெல்லாம் இல்லை என்றார். சுவரோரத்து வேரில் மட்டும்தான் உயிர் இருக்கிறது, அங்கே யாரோ நல்ல தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்றார்.

அவர் போனதும் தேன்மொழியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒகேனக்கல் குடிநீர் குழாயில் வருகிற நாளெல்லாம் பூபதி இரண்டு கேன் ஊற்றுவானாம். கனிமொழி சொல்லி இவளுக்குத் தெரியுமாம்.

ஏன் சொல்லலை?

"சொன்னா கேட்டிருப்பீங்களா?" பிறகு அவளே சொன்னாள்: "உங்க தம்பி, 'மெஷின் தண்ணி ஊத்தாதீங்கன்னு நான் போய்ச் சொன்னா, அண்ணன் ரெண்டு மடங்கா ஊத்துவாரு'ன்னு சொன்னாராம்."

அவன் சொல்லாமலேயே ஊற்றினேனே.

மே 6

அவன் நம்பர்கூட என்னிடம் இல்லை. தேன்மொழியிடம் வாங்கி அழைத்தேன்.

"சொல்லுங்கண்ணா."

உப்பு, மண், வேர் — பாடம் நடத்துவது போல ஏதேதோ பேசினேன். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாம்.

"எங்க பக்கத்து வேருக்குத் தண்ணி வுடுங்க. கேட் சாவி அண்ணிகிட்ட இருக்கு." வைத்துவிட்டான்.

மே 7

குழாயைப் பிடுங்கிச் சாக்கடைக்குத் திருப்பினேன்.

ஜூன் 2

மரத்தின் மேற்குப் பாதியை வெட்டியாயிற்று. மற்றது பிழைத்தால் உண்டு.

இன்று ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. சாவி வாங்கிக்கொண்டு அவன் வாசலுக்குப் போனேன். சுவரோரத்தில் அந்த வெள்ளைக் கேன் கிடந்தது. டிஸ்டில்டு வாட்டர் என்று பக்கவாட்டில் பெரிதாக அச்சடித்திருந்தது. அப்படியும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன்.

எந்த வாசனையும் இல்லை. அதிலேயே பிடித்து, இரண்டு கேன் ஊற்றிவிட்டு வந்தேன்.