மேலே எந்தப் பெயர்

மார்ச் 4, செவ்வாய்
பெலாசியோ இன்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். சர்க்கரைப் புண், கால் வீங்கி ஆபரேஷன் வரை போயிருக்கிறது. பதிவு மேசையில் இருப்பது நான்தான் என்று தெரிந்தும் முகத்தில் ஒரு அசைவில்லை. பெயர் கேட்டேன். "துயிமாவேன்னு போடு. பழைய பேரெல்லாம் இனி கிடையாது."

துயிமாவே என் அப்பாவின் பட்டம்; குடும்பத் தலைவருக்கு உரியது, வாங்கியவருக்கு அதுவே பெயர், குடும்ப வீடும் அவர் கையில். அப்பா போனதும் பெரியப்பா மகன் இவன் வழக்காடி வாங்கிக்கொண்டான். வாங்கிய வாரமே என்னையும் தம்பி மலாகியையும் குடும்ப வீட்டைவிட்டு வெளியேற்றினான். ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டு ஊரே வந்துகொண்டிருந்த நேரம் பார்த்து.

கணினியில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. புதுச் சீட்டு திறந்தேன். அப்பாவின் பட்டத்தை அவன் பெயராக என் கையாலேயே அடித்தேன்.

மார்ச் 5, புதன்
காலையில் திரையில் ஒரு மஞ்சள் வரி: ஒரே பிறந்தநாள், ஒரே ஊர், இருவரும் ஒருவரா? பழைய சீட்டைத் திறந்தேன். பெலாசியோ. பென்சிலின் ஒவ்வாது, ஒருமுறை சாகப் பிழைக்கக் கிடந்திருக்கிறான். புதுச் சீட்டில் அந்த இடம் காலி.

'ஆம்' என்று நான் அழுத்தினால் இரண்டும் ஒன்றாகும். துயிமாவே இவன்தான் என்று என் விரலே ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். மலாகியிடம் போனில் சொன்னேன். "விடுக்கா. பழைய பேரு வேணாம்னது அவன்தானே? அனுபவிக்கட்டும்."

அழுத்தவில்லை. நாள் முழுக்க உள்ளுக்குள் இனித்தது — டைரியிலும் பொய் எழுதுவானேன்?

மார்ச் 6, வியாழன்
காலை எட்டு மணிக்கு வார்டிலிருந்து நர்ஸ் சியெனி கூப்பிட்டாள். "லோசா, துயிமாவேக்குப் பழைய சீட்டு ஏதாச்சும் இருக்கா? காய்ச்சல்ல உளறுறாரு, ஒண்ணும் கேக்க முடியல. ஊசியக் கையில வச்சிட்டு நிக்கிறேன்டி."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பென்சிலினா? போடாதே! போடாதேடி!" — கத்தியது நான்தானா? ஏன் கத்தினேன்? இன்னும் தெரியவில்லை.

பிறகு 'ஆம்' அழுத்தினேன். எந்தப் பெயர் மேலே வர வேண்டும் என்று கணினி கேட்டது. அப்படி வா வழிக்கு! பெலாசியோ என்று போட்டேன். பட்டம் கீழே, 'வேறு பெயர்' கட்டத்தில் கிடக்கட்டும்.

மார்ச் 10, திங்கள்
கைப்பட்டை, கட்டில் பலகை, சாப்பாட்டுத் தட்டு, எல்லாவற்றிலும் வெறும் பெலாசியோ. அவன் மனைவி வந்து நின்றாள். "நண்டு சிண்டெல்லாம் பேரச் சொல்லிக் கூப்பிடுது லோசா. அவரு மானம் போகுது. பட்டத்த மேல மாத்திக் குடு."

"பட்டம் வாங்கின பத்திரத்தக் கொண்டாங்க, மாத்துறேன்."

"வீட்ல இருக்கு."

"எந்த வீட்ல?"

பையை எடுத்துக்கொண்டு வார்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

மார்ச் 12
பத்திரம் வரவில்லை. வராமலே போகட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்
புண்ணைக் காட்ட ஊன்றுகோலில் வந்தான். பத்திரத்தை மேசையில் விசிறப் போகிறான் என்று காத்திருந்தேன். கையில் ஒன்றுமில்லை. ஊசியை நிறுத்தியது யார் என்று சியெனி அவனிடம் சொல்லிவிட்டாளாம். பெயர் கேட்டேன். கூடம் நிறைய ஊர்க்காரர்கள். எல்லார் காதிலும் விழும்படி "பெலாசியோ" என்றான்.

இதைக் கேட்கத்தானே தவம் கிடந்தேன்? பின்னே கண் ஏன் கலங்கியது? வீட்டை அவன் திருப்பித் தரவில்லை. நானும் மன்னிக்கவில்லை. வரிசையில் முன்னால் அனுப்பாமல் நாற்பத்தொன்றாம் எண் டோக்கனைக் கையில் கொடுத்து, "உக்காருங்க அண்ணே, கூப்பிடுவாங்க" என்றேன்.

அண்ணே என்று சொல்லிவிட்டதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.