பின்வரிசையில் ஆடச் சொன்னார்களாம்

அன்பு மகளுக்கு,

இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பஸ் ஓட்டிக்கொண்டே, உன் பாட்டு குரூப்பில் நீ பாடும் ராப்பைப் பாடிப் பார்த்தேன். பல்செட் கழன்று மடியில் விழுந்தது.

"அண்ணே, ரோட்டைப் பாருங்க லா!" என்று முன் சீட்டில் இருந்த பிரமிளா சிரித்தாள். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி வழிந்த தொழிற்சாலைப் பெண்கள், நான் விட்ட இடத்திலிருந்து மூச்சுவிடாமல் பாடி முடித்தார்கள்.

நேற்று நீ போனில் அழுதாய். "குரூப்புல இனிமே நான் ராப் பாட வேணாமாம்பா, பின்னால நின்னு ஆடுனா போதுமாம். அலுத்துப்போச்சு. குரூப்ப விட்டுடுறேன். அங்க ஒரு வேலை பாருங்க."

தொழிற்சாலை சூப்பர்வைசரிடம் கேட்டேன். திங்கட்கிழமையே சேரலாமாம். அம்மா உன் அறையைக் கூட்டிவிட்டாள். எனக்கும் உடம்பு தளர்ந்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்தால் நல்லதுதான்.

அதனால் இன்று சாயங்காலம் போன் போட்டு, "வேலை இருக்கு, வாம்மா" என்றேன்.

மனசில் இருந்த "வராதே, பாடு" என்பதை மட்டும் போனில் சொல்லவில்லை.

உன்
பஸ் டிரைவர் அப்பா